பிரிகேடியர் படிக்கப் போயிருக்கிறார்

திருத்தங்கல்,
பள்ளி திறந்த வாரம், ஜூன்

கனம் பொருந்திய பிரிகேடியர் தேவாசீர்வாதம் அவர்களுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மகள் பெர்சிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையாலும் ஆவி பறக்கும் இட்லியாலும் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் சுகமாக இருந்து, வீட்டுப்பாடத்தை எல்லாம் நேரத்துக்கு முடித்துக் கொடுக்கிறீர்களா என்று அறிய ஆசை.

இந்தக் காலத்தில் கையால் கடிதம் எழுதுகிற பிளஸ் டூ பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் போன் இன்னும் அம்மாவின் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே சொகுசாகப் படுத்திருக்கிறது. ஹெட்மாஸ்டர் குரலில் நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று பேசி வகுப்பு குரூப்பில் போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நம்பி மறுநாள் வீட்டில் படுத்துவிட்ட இரண்டு வாத்தியார்கள் மேல் இன்றுவரை ஒரு நடவடிக்கையும் இல்லை. தேசப் பாதுகாப்பு படிக்கிறவர் நீங்கள். இந்த மாதிரி அநீதியையும் கொஞ்சம் பாடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். அதில் விசாரணை நடத்த முடியாது. அதனால்தான் தபால்.

என் சந்தேகம் உங்கள் படிப்பின் மேலேயே ஆரம்பிக்கிறது. இத்தனை வருடம் சர்வீஸ் போட்ட மனுசர். நட என்றால் ஆயிரக்கணக்கில் ஆள் நடக்கும், நில் என்றால் நிற்கும். அப்படிப்பட்டவரைத் தில்லியில் ஒரு கல்லூரியில் கொண்டுபோய் உட்கார வைத்து, கழுத்தில் டையைக் கட்டி, ஒரு வருடம் பாடம் படி என்றால் அது பரிசா தண்டனையா? எங்கள் பள்ளியில் பெயிலானவனைத்தான் மறுபடி உட்கார வைப்பார்கள். பிரீத்திகா சொல்கிறாள், உங்கப்பா எங்கயோ சண்டையில தோத்துட்டாக, அதை மூடி மறைக்காகன்னு. பிரீத்திகாவை ஞாபகம் இருக்கிறதா? பட்டாசு ஆலை மணிகண்டராஜ் மாமாவின் மகள். வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம், சேட்டையில் எனக்கு அடுத்த இடம்.

அம்மாவிடம் கேட்டேன். சண்டை போடத் தெரிஞ்சவுக நிறையப் பேரு இருக்காக, ஏன் போடணும் எப்ப நிறுத்தணும்னு யோசிக்கிறவுக வேணும்ல, அதுக்கு நாடு முழுசையும் படிக்கணும், வயல், ரயில், ஆஸ்பத்திரி, பக்கத்து நாட்டுக்காரன் மனசு எல்லாம், என்றார்கள். தீக்காய வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த மாதிரி இருந்தது. மனதில் குறித்துக்கொண்டேன். நீங்கள் படிப்பது வியூகம் என்றால் நான் படிப்பது ஊகம். எனக்குக் கல்லூரிதான் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டே நீங்கள் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். நான் பிளஸ் டூ போகிற வருடம் யூனிபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டோடு வந்துவிடுவேன் என்று. பிஞ்சில் மிளகாய்ப் பொடி கூடிப்போய் உங்களுக்குக் கண் கலங்கியது. அதனால் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் பிளஸ் டூ வந்துவிட்டேன். உங்கள் படிப்பு நவம்பரில் முடிகிறது. நவம்பருக்குப் பிறகு என்ன என்று மூன்று ஞாயிறாகக் கேட்கிறேன். மூன்று தடவையும் நீங்கள், அங்கன மழை பெய்யுதா தாயி என்று கேட்கிறீர்கள். விருதுநகர் ஜில்லாவில், ஜூன் மாதம், மழை. இதைக் கேட்கிற ஆள் ஒன்று ஊரை மறந்திருக்க வேண்டும், இல்லை பேச்சை மாற்ற வேண்டும்.

முன் அறையில் உங்களுக்காக அம்மா செய்யச் சொன்ன வேப்பமர மேசை வந்து ஒரு மாதமாகிறது. ஷெட்டில் உங்கள் புல்லட் உறை போட்டுத் தூங்குகிறது. எனக்கு ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று சொன்னதும் நீங்கள்தான்.

பதிலில் மழையைப் பற்றி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
பிரிகேடியர் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கேடி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த
மகள் பெர்சிஸ்


திருத்தங்கல்,
ஜூலை, ஞாயிறு ஆராதனை முடிந்து

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மழை இல்லை, நல்லது. ஆனால் நவம்பரும் இல்லை.

வகுப்பைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று படைக்காரர்களும், கலெக்டர் வேலை பார்த்துப் பெரிய ஆளானவர்களும், வெளிநாட்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தலை நரைத்த பிறகு கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை. கடற்படைக் கமடோர் பருவா, உங்கள் பக்கத்து இருக்கைக்காரர், அசாம்காரர், வகுப்பில் தூங்கினால் நீங்கள் பேனாவால் குத்துவீர்களாமே. இதைத்தான் நான் செய்ததற்கு ஆறாம் வகுப்பில் முட்டி போட வைத்தார்கள்.

எதிரி நாடு விளையாட்டு ஒன்று நடத்தினார்கள், அதில் உங்களை எதிரி அணியில் போட்டார்கள், எதிரி மாதிரி யோசிக்கத் தெரியாமல் முழித்தபோது என்னை நினைத்துக்கொண்டேன், எங்க பெர்சிஸ் இருந்தா என்ன செய்வா என்று யோசித்து ஜெயித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோசம். ஆனால் புகழ்ச்சி என்பது கேள்வி கேட்கிறவளின் வாயில் வைக்கிற சீனி மிட்டாய் என்று எனக்குத் தெரியும். நானே ஹெட்மாஸ்டருக்கு வைத்திருக்கிறேன்.

இங்கே வீட்டுச் செய்தி. அம்மா தையல் மிஷினைத் தூக்கி உங்கள் அறையில் போட்டுவிட்டார்கள். உங்கள் புது மேசை இப்போது சுவரோரம் ஒதுங்கி, அதன்மேல் துணி மூட்டை. அப்பா வந்தா எங்கன உக்காருவாக என்று சண்டை பிடித்தேன். வரும்போது எடுத்துக்கிடலாம்ட்டி, இப்பம் வெளிச்சம் அங்கனதான் இருக்கு என்கிறார்கள். அதிலும் என்ன தைக்கிறார்கள் தெரியுமா, ஃபிளானல். திருத்தங்கல் வெயிலில் ஓடு உருகுகிறது, அம்மா கம்பளி மாதிரித் துணியை மடியில் போட்டுக்கொண்டு மிஷின் மிதிக்கிறார்கள். எதுக்கு என்றால் வார்டில் பச்சப்பிள்ளைகளுக்கு என்றார்கள். தீக்காய வார்டில் ஃபிளானல் எதற்கு என்று கேட்டதற்கு, படிக்கிற வேலையைப் பாரு என்றார்கள். பாவம், வேலை அதிகமாகிச் சூடு தலைக்கேறிவிட்டது போல.

பெரிய செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். உங்கள் கல்லூரி ஆட்கள் நாட்டைப் படிக்க ஊர் ஊராகச் சுற்றுலா போகிறார்கள், தெற்கே வருகிற குழு சிவகாசிக்கு வந்து பட்டாசு ஆலை பார்க்கப் போகிறது, என்.சி.சி. பிள்ளைகள் வரவேற்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆலை எது தெரியுமா? மணிகண்டராஜ் மாமாவுடையது. சந்தனக் கிண்ணம் என் கையில். பன்னீர்ச் செம்பு பிரீத்திகா கையில். நீங்கள் மார்ச்சிலேயே சொன்னீர்கள், தெற்குக் குழுவில்தான் என் பேர் என்று. பஸ்சிலிருந்து நீங்கள் இறங்கும்போது யாரோ மாதிரி சல்யூட் அடித்து, யாரோ மாதிரி சந்தனம் வைத்து, காதோடு மட்டும் நவம்பர் என்று சொல்வேன். மூஞ்சிக்கு நேராக மழையைக் கேட்க முடியாது இல்லையா.

அம்மா இந்தச் செய்தியைக் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

எதிர்பார்த்து,
சந்தனம் அரைத்துக் கை தேய்ந்த
பெர்சிஸ்


திருத்தங்கல்,
ஆகஸ்ட்

அப்பாவுக்கு,

உங்கள் கார்டு, பஸ் வருவதற்கு முந்தின நாள் வந்தது. வடகிழக்குக் குழுவுக்கு மாறிவிட்டேன், அங்கே ஒருவருக்கு உடம்பு சரியில்லை, என்று மூன்று வரி. இத்தனை மாதமாக வீட்டைப் பார்க்காத மனுசருக்கு அரசாங்கச் செலவில் வீட்டு வாசலுக்கே பஸ் வருகிறது. அவர் ஏறமாட்டேன் என்று எதிர்த்திசைக்குப் போகிறார். இதை எந்த நாட்டுப் போலீஸ்காரரிடம் சொன்னாலும் அவர் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்து நிற்பார்.

நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள், கடைசியில் உங்களுக்குத்தான் வருகிறது.

இந்த ஊரில் யாரும் நம்பவில்லை அப்பா. தில்லியில இருந்து அம்புட்டு பெரிய ஆளுக பாடம் படிக்கவா வாராக, இது ரெய்டுதான், படிப்புன்னு பேரு வச்சு வாராக என்று மணிகண்டராஜ் மாமா சாப்பிடாமல் கிடந்தாராம். பக்கத்து ஆலைக்காரர்கள் துக்கம் விசாரிப்பது போல வந்து போனார்களாம். உங்களுக்கு இந்த ஊர்ப் பழக்கம் ஒன்று தெரிந்திருக்கும். பாதை பிரிகிற விலக்கில் சங்கையா டீக்கடை. தெரியாத வண்டி மெயின் ரோட்டை விட்டு ஆலைப் பக்கம் திரும்பினால் அவர் எல்லா போர்மேன்களுக்கும் போன் போட்டு, வண்டி திரும்பிருச்சு என்று இரண்டே சொல் சொல்வார். ஒரு அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். சீசனில் சட்டம் கொஞ்சம் நெருக்கி உட்காரும். வண்டி திரும்பிருச்சு என்றதும் கூடுதல் ஆட்கள் எழுந்து பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் போய்விடுவார்கள்.

அன்றைக்கு வருவது எல்லாருக்கும் தெரிந்த பஸ். பேனர் கட்டி, கோலம் போட்டு, பேண்ட் வாத்தியம் வைத்து எதிர்பார்த்த பஸ். இருந்தாலும் சங்கையா போன் போட்டாராம், பழக்க தோசம். போர்மேன் பாண்டி அண்ணனும் பழக்க தோசத்தில் எல்லாரையும் கிளப்பிவிட்டார். அறையில் வேலை பார்க்கிற கருப்பம்மாள் அக்கா எங்களைக் கடந்து போகும்போது, முகமெல்லாம் பட்டாசின் வெள்ளி மருந்துப் பொடி ஒட்டியிருக்க, என்ன பிள்ளைகளா, ஒங்களுக்குச் சந்தனம், எங்களுக்கு முள்ளா என்று சிரித்துவிட்டுப் போனார்.

பஸ் வந்தது. ஆகஸ்ட் வெயிலில் கோட்டும் டையுமாக இறங்கினார்கள். கென்யா பிரிகேடியர் ஒருவர் சந்தனத்தை நெற்றியில் வைப்பதா கன்னத்தில் வைப்பதா என்று கேட்டார். கன்னம் என்றேன். நாள் முழுக்க அப்படியே திரிந்தார். பிறகு நாலைந்து பேர் அவரைப் பார்த்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். நாட்டை ஆளப்போகிறவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

ஆலைக்குள் எல்லாம் அழகு. சுவரில் புது வெள்ளை, வாளியில் புது மணல், அறைக்கு நாலே பேர். அந்த நாலு பேரில் ஒருவர் கணக்குப்பிள்ளையின் சம்சாரம், இதுவரை ஆலைக்குள் காலே வைக்காதவர். கையில் திரியை வைத்துக்கொண்டு பூக்கட்டுவது மாதிரிக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லா அதிகாரிகளும் தலையாட்டினார்கள். குறிப்பு எடுத்தார்கள். ஒருவர் மட்டும் அறைக்குள் எட்டியே பார்க்கவில்லை. வெளியே நின்று வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலைக்குள் சாப்பாடு கொண்டு போகக் கூடாது, எறும்பு ஏறாமல் இருக்க எல்லாரும் சாப்பாட்டுப் பையை மரத்தில்தான் மாட்டுவார்கள். ஆட்களைக் கிளப்பிய பாண்டி அண்ணன் பைகளை மறந்துவிட்டார். மஞ்சப்பை, கட்டைப்பை, வயர் கூடை, ஜவுளிக்கடைப் பை, மரம் முழுக்கக் காய்த்துத் தொங்கியது. உள்ளே இருக்கிறவர்கள் ஒரு கிளைக்குக்கூடப் பத்த மாட்டார்கள்.

மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி என் சட்டையில் இருந்த பேரைப் படித்துவிட்டு, ஹெட்மாஸ்டர் குரலில் பேசுகிற பெர்சிஸ் நீதானே என்றார். கமடோர் பருவா. அவர் மெதுவாக, இந்த வேம்பு நன்றாகக் காய்த்திருக்கிறதே என்றார். நான் கிண்ணத்துச் சந்தனத்தைக் குழைத்தேன். பிரீத்திகா பன்னீர்ச் செம்போடு என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் அதையும் பார்த்தார். பயப்படாதே, நாங்கள் சோதனைக்கு வரவில்லை, ஆலையின் பேரை எழுத மாட்டேன், மரத்தை மட்டும் எழுதுவேன் என்றார். அப்புறம் சொன்னார், பதவி ஏற ஏறப் போகிற இடமெல்லாம் பெயிண்ட் வாசனைதான் வரும், நம்மிடம் எதைக் காட்டுகிறார்கள் என்று பார்க்காதே, எதை நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று பார், இதை எங்கள் வகுப்பில் சொன்னது உன் அப்பாதான். எனக்குப் பெயிண்ட் அடிக்காமல் முகத்தைக் காட்டுகிற ஒரே ஆள் என் மகள்தான் என்றும் சொன்னார், என்றார்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் உருகியிருக்க வேண்டும். ஆனால் உருகுகிற நேரத்தில்தான் எதிராளி கவனம் தவறுவான், அது எனக்கும் பொருந்தும் அவருக்கும் பொருந்தும். எல்லாம் தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன், அப்பாவுக்கு அடுத்த இடம் ரொம்பக் குளிராமே அங்கிள், நீங்களும் அங்கேயா என்று. எந்த இடமும் எனக்குத் தெரியாது. சும்மா வீசினேன். மனுசர் அப்படியே விழுந்தார். இல்லம்மா, நான் கடலுக்குப் போகிறேன், உன் அப்பாதான் மலைக்கு, பதவி உயர்வோடு, படிப்பு முடித்தவர்கள் உடனே வேலையை விட முடியாது என்பது விதி, தெரிந்தேதானே எல்லாரும் சேர்ந்தோம், உனக்குச் சொல்லிவிட்டாரா, நல்லது, அதற்குத்தான் ரொம்பக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார், என்றார்.

தெரிந்தேதானே சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு பேண்ட் வாசித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நான் சிரிக்கிறேன், பிரீத்திகா காட்டினாள்.

பெர்சிஸ்


திருத்தங்கல்,
அதே வாரம்

ஐயா,

தாங்கள் ஜனவரியில் படிப்பில் சேர்ந்தபோதே வாக்கை மீறிவிட்டு எட்டு மாதமாக மழை விசாரித்து வந்தது நிரூபணமாகிவிட்டது. எனக்கு அது பெரிதில்லை. நான் பட்டாசு ஊர்ப் பிள்ளை, சத்தம் கேட்டுப் பழகியவள்.

ஆனால் அந்த அம்மா உங்களுக்காக மேசை செய்து வைத்துவிட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து முன் அறைக்கு மின்விசிறி மாட்டிவிட்டு, கிறிஸ்துமசுக்கு நீங்கள் வீட்டோடு வருவதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றுவதுதான் தாங்கள் படித்த வியூகமா? தில்லிக் கல்லூரியில் அதற்கும் மார்க் உண்டா?

அடுத்த ஞாயிறு போனில் நீங்களாகவே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்வேன். நான் சொன்னால் உங்களைப் போல மூன்று வரியில் சொல்ல மாட்டேன்.

தங்கள் கீழ்ப்படியாத,
தே. பெர்சிஸ்


திருத்தங்கல்,
செப்டம்பர்

அன்பு அப்பாவுக்கு,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனிலும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் இன்று ஆராதனை முடிந்து வந்ததும் நானே சொல்லிவிடுவது என்று உங்கள் அறைக்குப் போனேன்.

அம்மா மிஷினில் இருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்தேன். அழுதால் தண்ணீர் கொடுக்கச் செம்புகூட எடுத்து வந்திருந்தேன். அம்மா, அப்பா நவம்பர்ல வர மாட்டாக, என்றேன். அம்மா காலை நிறுத்தவில்லை. இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுட்டி, எனக்குக் கண்ணு தெரியல, என்றார்கள். கேக்குதாம்மா, அப்பா வர மாட்டாக, மலைக்குப் போறாக, என்றேன். தெரியும்ட்டி, நூலைக் கோரு, என்றார்கள்.

நூலைக் கோத்தேன். கோக்கும்போதுதான் மடியில் கிடந்த ஃபிளானலைப் பார்த்தேன். ஒரு சட்டைக் கையை எடுத்து விரித்தேன். முழுநீளக் கை அப்பா. என் தோளிலிருந்து பிடித்தால் விரலையும் தாண்டித் தொங்கியது. எந்த ஊர்ப் பச்சப்பிள்ளைக்கு இத்தனை நீளக் கை? ஒன்றுக்கு மூன்றாகத் தைத்து மடித்து வைத்திருக்கிறார்கள், உங்கள் மேசை மேல், மூட்டைக்கு அடியில். நான் ஜூலையிலிருந்து அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆலை வேப்பமரத்தை எட்டிப் பார்க்கத் தெரிந்த எனக்கு, வீட்டு மரத்தில் தொங்கிய பை தெரியவில்லை. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டவள் அம்மாவை மட்டும் சந்தேகப்படவே இல்லை. இட்லி அவிக்கிறவர்கள் சதி செய்வார்கள் என்று யார் நினைப்பார்?

அப்புறம் எல்லாம் சொன்னார்கள். படிப்புக்கு உங்கள் பேர் வந்தபோது நீங்கள் வேண்டாமென்று எழுதிவிட்டு வீட்டுக்கு வர இருந்தீர்கள் என்றும், அம்மாதான் போங்க என்று சொன்னதாகவும். ஏம்மா சொன்னீக என்று கத்தினேன். அம்மா மிஷினை நிறுத்தினார்கள். எம் வார்டுல வந்து படுக்குதுகளே, ஒவ்வொண்ணும் யாரோ எங்கயோ நாக்காலியில உக்காந்துக்கிட்டு, பரவாயில்ல, நெருக்கி உக்காருங்கன்னு சொன்னதுல வந்ததுதான், சொன்ன ஆளு ஒரு நாளும் வார்டுக்கு வந்ததில்ல, என்றார்கள். ஒங்கப்பா கல்யாணம் ஆன புதுசுல லீவுல வந்து எனக்குச் சாப்பாடு கொண்டாந்து குடுத்துட்டு, வார்டு வாசல்லயே மயக்கம் போட்டு விழுந்தாக, எந்திரிச்சு மறுநாளும் வந்தாக. மேல உக்காந்து முடிவு எடுக்கிறவுகள்ல அந்த மாதிரி மயங்கி விழுந்த ஆளு ஒண்ணு இருக்கட்டும்ட்டி, வீட்டுல ஏச்சு வாங்குற ஆளு ஒண்ணு இருக்கட்டும், என்றார்கள்.

வார்டு வாசலில் மயங்கி விழுந்ததை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை. அதற்குத் தனியாக விசாரணை உண்டு.

எனக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் சொல்ல வேண்டாம் என்பதும் அம்மாவின் ஏற்பாடுதானாம். சிவகாசி பஸ்சில் ஏற வேண்டாம் என்று உத்தரவு போட்டதும் அம்மாதானாம். ஒம் மூஞ்சியைப் பாத்தா அவுகளால ஒளிக்க முடியாதுட்டி, பாத்த எடத்துலயே ராஜினாமா பேப்பரைப் போட்டுட்டு வந்து நிப்பாக, நான் இத்தனை மாசம் கல்லு மாதிரி இருந்தது வீணாப் போயிரும், என்றார்கள். சொல்லும்போது கல் மாதிரி இல்லை. கொண்டு போன செம்புத் தண்ணீர் அப்போதுதான் உதவியது. நாங்கள் இரண்டு பேரும் குடித்தோம்.

அதனால் போன கடிதத்தில் நான் உங்களைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி செல்லும். எந்தப் பாதி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், யோசிக்கத்தானே படிக்கிறீர்கள்.

இங்கே மற்றபடி சுகம். மணிகண்டராஜ் மாமா ரெய்டு இல்லை என்று தெரிந்ததும் ஒரு வாரச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டாராம். கென்யா பிரிகேடியரின் கன்னச் சந்தனம் பேப்பரில் போட்டோவாக வந்திருக்கிறது, வெட்டி வைத்திருக்கிறேன். கமடோர் பருவா மரத்தைப் பற்றி எழுதினாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். கருப்பம்மாள் அக்கா பழையபடி அறைக்குள்தான் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார். சீசன் இன்னும் முடியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் மரத்தைத்தான் பார்க்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்பில் அந்த மரத்தைக் கொஞ்சம் பேசுங்கள்.

நவம்பரில் படிப்பு முடிந்ததும் நேரே மலைக்குப் போய்விடுவதாக ஏற்பாடு என்று அம்மா சொன்னார்கள். தபாலில் சட்டைகளை அனுப்பிவிடலாமாம். அனுப்ப விடமாட்டேன். மூட்டையை என் கட்டிலுக்கு அடியில் போட்டு நான் மேலே படுத்திருக்கிறேன். சட்டை வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்து சொல்லும்போது, இப்போதுதான் முதல் தடவை கேட்பவள் மாதிரி நடித்துவிடலாம், உங்களுக்குச் சங்கடம் இருக்காது என்று முதலில் நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகியும் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் குரல் வருகிறது, போலீஸ் எஸ்.பி. குரல் வருகிறது, அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. அதனால் பெயிண்ட் அடிக்காமல் எந்த முகம் இருக்கிறதோ அதோடுதான் வாசலில் நிற்பேன். புல்லட்டின் உறையை எடுத்து வைத்திருப்பேன். ஒரு தெருச் சுற்றுக்காவது என்னை முன்னால் உட்கார வைத்து ஓட்டச் சொல்லித் தாருங்கள்.

அம்மா பயப்படுகிறார்கள், என் முகத்தைப் பார்த்தால் நீங்கள் போக மாட்டீர்கள் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. வந்து நன்றாகப் பாருங்கள் அப்பா. பார்த்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், ஆண்டவர் உங்களுக்கு முன்னே போகட்டும், போய் வாருங்கள். பார்க்காமல் மட்டும் போகாதீர்கள்.

மழை இன்னும் இல்லை.

உங்கள் மகள்,
பெர்சிஸ்